ஒரு மெயின் பட்டை பட்ட பாடு

டிராக்டரின் பின்சக்கரத்துக்கு மேலே கமான் என்கிற பட்டை வில் இருக்கிறதா என்று குனிந்து தேடினால் கிடைக்காது. ஆக்ஸிலை நேராக உடம்போடு சேர்த்து முடுக்கியிருப்பார்கள். உழும்போது கலப்பையின் ஆழம் ஏறி இறங்காமல் நிற்க வேண்டும். உடம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு வில்லை வைத்தால் கொழு ஓரிடத்தில் ஒரு சாண் இறங்கும், அடுத்த இடத்தில் நாலு விரற்கடையோடு நின்றுவிடும். அதனால் டயருக்குள் இருக்கும் காற்றையே வில்லாக வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவரின் சீட்டுக்கு அடியில் மட்டும் ஒரு ஸ்பிரிங்கைப் போட்டுக் காலம் தள்ளுகிறது டிராக்டர். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த ஃபாஸ்ட்ராக் என்ற டிராக்டரை பிரிட்டனின் ஜேசிபி நிறுவனம் 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாலையில் வேகமாக ஓடவென்றே செய்த வண்டி அது. நம்மூர் வரப்போரத்தில் நிற்பவை எல்லாம் பழைய சாதிதான்.

ஆனால் டிராக்டருக்குப் பின்னால் இழுபடும் டிரெய்லரில் கமான் உண்டு. வயலுக்கும் சர்க்கரை ஆலைக்கும் நடுவே விழும் அடி அத்தனையையும் அதுதான் வாங்குகிறது. பெரும்பாலும் அந்தக் கமானுக்கு அது இரண்டாம் பிழைப்பு. முதல் பிழைப்பை லாரியில் முடித்துவிட்டு வந்திருக்கும்.

அப்படி வந்த ஒரு மெயின் பட்டையை, பண்ருட்டியிலிருந்து கடலூர் போகும் சாலையோரப் பட்டறை ஒன்றில், இரண்டு துண்டாகக் கிடந்தபோது பார்த்தேன். கமான் கட்டில் ஏழெட்டுப் பட்டைகள் இருந்தாலும் மெயின் பட்டை ஒன்றுதான். இரு முனையிலும் காதுபோலச் சுருட்டி, அந்தச் சுருளுக்குள் புஷ்ஷும் பின்னும் ஏறி, சேஸைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். கீழே அடுக்கியிருக்கும் மற்றவையெல்லாம் அதைத் தாங்க வந்தவை. எனவே மெயின் பட்டை போனால் வண்டி அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

உடைந்த பட்டையை மேஸ்திரி தண்ணீர் ஊற்றிக் கழுவி, டீசல் துணியால் துடைத்து வைத்தார். பிறகு அதன் கதையைப் படித்தார். படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எழுதி வைத்ததுபோல எல்லாம் அதில் இருந்தது.

பட்டையின் ஒரு முனைக்கு அருகே செய்தவரின் முத்திரை பாதி தேய்ந்து தெரிந்தது. அது பிறந்த இடத்தின் அடையாளம். பட்டைக்கான எஃகு சாதாரண இரும்பல்ல. நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலே கரி, அதோடு ஒன்றரை முதல் இரண்டு பங்குவரை சிலிக்கான் சேர்த்து ஒரு வகை. குரோமியம் சேர்த்து இன்னொரு வகை. வளைந்த பிறகு பழைய நிலைக்கே திரும்பும் குணத்தைக் கொடுப்பவை இவை. உருக்காலையில் பட்டையாக உருட்டி வந்ததை நீளம் பார்த்து வெட்டி, நடுவில் துளை போட்டு, முனையைக் காய்ச்சிக் காதைச் சுருட்டுவார்கள். பிறகு ஏறக்குறைய 850 முதல் 900 டிகிரிவரை சூடேற்றி, அச்சில் வைத்து வில்லாக வளைத்து, வளைத்த கையோடு எண்ணெய்த் தொட்டியில் இறக்குவார்கள். எண்ணெயிலிருந்து வரும் பட்டை கண்ணாடிபோலக் கடினமாக இருக்கும். ஓர் அடியில் உடைந்துவிடும். அதனால் மறுபடி 400, 500 டிகிரிச் சூட்டில் வைத்து அந்தக் கடினத்தைக் குறைத்துத் துவளும் தன்மையைக் கொண்டுவருவார்கள்.

கடைசியாக ஒரு வேலை உண்டு. சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளைப் பட்டையின் குழிந்த பக்கத்தின் மேல் மழையாகப் பொழிவார்கள். அதில்தான் அந்தப் பட்டையின் ஆயுள் இருக்கிறது. டிரெய்லரில் மாட்டும்போது மேலே பார்த்து நிற்பது குழிந்த பக்கம். பாரம் ஏறினால் இழுபடுவதும் அதே பக்கம். விரிசல் பிறக்கிற இடம் பெரும்பாலும் இழுபடும் தோல்தான். குண்டடி பட்ட தோல் முன்கூட்டியே நெருக்கப்பட்டு இறுகி நிற்பதால், பாரம் வந்து இழுக்கும்போது அந்த நெருக்கம் தீர்ந்த பிறகுதான் உண்மையான இழுப்பு தொடங்கும். லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்தும் பட்டை தாங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். இந்தத் தோலின் மேல் ஒரு கீறல், ஒரு வெல்டிங் பொறி, ஒரு சுத்தியல் தழும்பு விழுந்தாலும் அத்தனை உழைப்பும் அந்த ஒரு புள்ளியில் வீண்.

முத்திரையை அடுத்து மேஸ்திரி காட்டியது நடுப்பகுதியில் இருந்த இரண்டு ஜோடித் தடங்கள். யூ போல்ட் அழுத்தி அழுத்திப் பதிந்தவை. ஒரு ஜோடி அகலமாகவும் இன்னொரு ஜோடி நெருக்கமாகவும் இருந்தது. அகலமான தடம் லாரியின் ஆக்ஸில் மேடையில் உட்கார்ந்திருந்த காலத்தது. நெருக்கமானது டிரெய்லரில் வந்த பிறகு பதிந்தது.

லாரி வாழ்க்கையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே பட்டைக்குப் பாரம் அதிகமென்றாலும் சாலை நல்ல சாலை, பராமரிப்பும் உண்டு. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிக்காரர்கள் பட்டையின் மேல் கண் வைத்திருப்பவர்கள். ஒரு பட்டை இறங்கினால் டயர் தேயும், டயர் தேய்ந்தால் லாபம் தேயும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாலு டயர் ஏறிய பின் ஆக்ஸிலுக்கு 10.2 டன் என்று இருந்த சட்ட வரம்பு 2018-இல் 11.5 டன் ஆனது. இன்றைய புது லாரிகள் பலவற்றில் நடுவில் தடித்து முனையில் மெலியும் பாராபோலிக் பட்டை வந்துவிட்டது. இரண்டு மூன்று பட்டையிலேயே வேலை முடிகிறது. பழைய கனத்த கட்டுகள் கழிந்து வெளியே வருகின்றன. சென்னைப் புதுப்பேட்டையிலும், ஊர் ஊராக இருக்கும் லாரி உடைக்கிற யார்டுகளிலும் அவை எடைக்கு விற்பனையாகும்.

அங்கேதான் டிரெய்லர் கட்டுகிறவர் வந்து வாங்குகிறார். பழைய லாரி ஆக்ஸில், பழைய கமான் கட்டு, சானல் இரும்பு, வெல்டிங் மெஷின்: இவ்வளவு இருந்தால் டிரெய்லர் தயார். குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. லாரியின் பின் ஆக்ஸிலைச் சுமந்த கட்டுக்கு ஒரு பெட்டிக் கரும்பு பெரிய பாரமில்லை. கெடுவதெல்லாம் மாட்டுகிற விதத்திலும் பிறகு கவனிக்கிற விதத்திலும்தான்.

நம் பட்டையின் காதுக்கு ஒரு சாண் தள்ளி மேல் தோலில் மிளகளவுக்கு நாலைந்து கரும்புள்ளிகள் ஒட்டியிருந்தன. பிராக்கெட்டைச் சேஸில் வெல்டு வைக்கும்போது கமான் கட்டைக் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள். தீப்பொறி விழுந்து ஒட்டியிருக்கிறது. ஒரு சாக்கை நனைத்து மேலே போட்டிருந்தால் போதும். புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றி எஃகின் பதம் கெட்டிருக்கும். பட்டை உடைந்தது அந்த இடத்தில் இல்லை என்பது வேறு விஷயம். "இங்க உடையறதுக்குள்ள அங்க உடைஞ்சிடுச்சு" என்றார் மேஸ்திரி.

அங்க என்றது நட்டநடுவை. பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட் துளைக்கு நேர் குறுக்கே பட்டை இரண்டாகியிருந்தது.

டிரெய்லருக்குச் சொந்தக்காரர் அறுபது வயதுக்காரர். கரும்பு வெட்டி மூன்றாம் நாள். ஆலைக்குப் போக வேண்டிய லோடு பாதி வழியில் நிற்கிறது. வெட்டிய கரும்பு நிற்க நிற்கக் காயும், எடையும் சர்க்கரையும் இறங்கும். அவர் பதற்றம் நியாயமானது.

"ரோடா இது? ஆத்துப் படுகை மாதிரி கெடக்கு. அதான் உடைஞ்சிருக்கு. நீ ஒண்ணு பண்ணு மேஸ்திரி, கூட ஒரு பட்டை சேத்துக் கட்டிவுட்டுடு."

"அண்ணே, பட்டையைப் பாத்துட்டுச் சொல்றேன். செத்த இருங்க."

மேஸ்திரி உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிக் காட்டினார். துளையை ஒட்டிய பகுதி மங்கலான பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருந்தது. துளையின் விளிம்பிலிருந்து கிளம்பிய வளையங்கள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரிந்திருந்தன. மீதிப் பகுதி வெள்ளையாக, சர்க்கரை மணி ஒட்டியதுபோலப் பொரபொரவென்று மின்னியது. வழவழப்பான பகுதி பல நாளாக மெல்ல மெல்லக் கீறிக்கொண்டு போனது. ஈரம் புகுந்து துருவும் ஏறிவிட்டது. மின்னும் பகுதி இன்று காலை ஒரே நொடியில் முறிந்தது. பொறியியல் கல்லூரியில் இதையே உருப்பெருக்கி வைத்து ஒரு பாடமாக நடத்துகிறார்கள். மேஸ்திரிக்கு ஒரு வாளித் தண்ணீரும் வெயிலும் போதும். இன்று காலைப் பள்ளத்தின் மேல் பழி போட முடியாது. கீறல் தை மாதத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஏன் துளையில்? இதை விளங்கிக்கொண்டால் டிரெய்லர் கமானின் பாதி நோய் விளங்கிவிடும். 70 மில்லிமீட்டர் அகலப் பட்டையின் நடுவில் 12 மில்லிமீட்டர் துளை இருக்கிறது. அந்த இடம்தான் உள்ளதிலேயே பலவீனமான இடம். செய்தவருக்கும் அது தெரியும். அதனால்தான் துளைக்கு இரண்டு பக்கமும் யூ போல்ட் போட்டு, பட்டைகளையும் ஆக்ஸிலையும் ஒரே கட்டையாக இறுக்கச் சொல்கிறார். இறுக்கம் சரியாக இருந்தால் நடுப்பகுதி வளையவே வளையாது; வளைவு முழுக்க யூ போல்ட்டுக்கு வெளியே நடக்கும்; துளைக்கு வேலையே இல்லை. நட்டு தளர்ந்த அன்றைக்கு வளைவு உள்ளே புகுந்து துளையைத் தொடும். அதன்பிறகு எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நட்டு தளர்ந்தது என்பதற்குச் சாட்சிகள் வண்டியிலேயே இருந்தன. யூ போல்ட்டுக்கு அடியில் பட்டை பளபளவென்று தேய்ந்திருந்தது. அதைச் சுற்றி மெல்லிய சிவப்புத் தூள் படிந்திருந்தது. இரண்டு இரும்பு அசைந்து உரசினால் மட்டும் வருகிற துருத்தூள் அது. இறுகியிருக்கும் இடத்தில் அது வராது. சென்டர் போல்ட் கழுத்தில் வளைந்திருந்தது. மேஸ்திரி டேப்பை எடுத்து, டிரெய்லர் மூக்கில் பின் மாட்டும் துளையிலிருந்து இடப்பக்கச் சக்கரத்தின் நடுவுக்கும் வலப்பக்கச் சக்கரத்தின் நடுவுக்கும் அளந்தார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று விரற்கடை வித்தியாசம் வந்தது. ஆக்ஸில் ஒரு பக்கமாகப் பின்னால் நழுவியிருக்கிறது. டயரின் ஒரு ஓரம் மட்டும் ஏன் தேய்கிறது, ரோட்டில் டிரெய்லர் ஏன் கோணலாக வருகிறது என்று போன மாதம் முழுக்கப் பெரியவர் டயர்க்கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பதில் யூ போல்ட்டில் இருந்தது.

பட்டறை வாசலில் கிடந்த உடைசல் குவியலில் வேறு வகைச் சாவுகளும் இருந்தன. துளையை விட்டுத் தள்ளி, யூ போல்ட்டின் விளிம்பை ஒட்டி முறிந்தவை சில. அவை இறுக்கம் சரியாக இருந்தும் பாரம் தாங்காமலோ வயதாகியோ போனவை. அடுத்த பட்டையின் முனை மெயின் பட்டையைத் தொடும் இடத்தில் முறிந்தவை சில. பட்டைக்குப் பட்டை அரைத்து அரைத்துக் குழி விழுந்து, அந்தக் குழியில் விரிசல் பிறந்தவை. காது முறிந்தவையும் இருந்தன. லாரியில் காது முறிந்தால் பிரேக் பிடிக்கும் வேகத்தையும் சந்தேகிக்கலாம். நம்மூர் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இல்லாததால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. பெரும்பாலும் காதைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிளின் பின்தான் குற்றவாளி. வளையும்போது பட்டை நீளும், நீளத்துக்கு இடம் கொடுக்க ஷேக்கிள் ஆட வேண்டும். கிரீஸ் காணாத பின் துருவேறிப் பிடித்துக்கொண்டால் ஷேக்கிள் ஆடாது, காது முறுக்கப்படும். டிராக்டருக்கு மாதம் தவறாமல் கிரீஸ் வைக்கும் வீட்டில் டிரெய்லர் நிப்பிள்மேல் நாலு வருட மண் உட்கார்ந்திருக்கும். இது எந்த ஊருக்கும் பொருந்தும்.

பெரியவர் மறுபடி தொடங்கினார். "எல்லாம் சரி மேஸ்திரி. ஒரு பட்டை கூடப் போட்டா என்ன கேடு?"

கேடு இருக்கிறது. கூடுதல் பட்டை கமானை விறைப்பாக்கும். பாரத்தோடு போகும்போது அது நல்லதுபோலத் தோன்றும். ஆனால் கரும்பு டிரெய்லர் ஒவ்வொரு நடையிலும் திரும்பும்போது வெறும் பெட்டிதான். வெறும் பெட்டியின் எடைக்கு அந்தக் கமான் வளையவே வளையாது. பள்ளத்தில் சக்கரம் துள்ளும், அடி நேராகச் சேஸுக்குப் போகும், பிராக்கெட் வெல்டும் மூக்குப் பின்னும் ஒவ்வொன்றாக விடும். கையில் அகப்பட்ட கனமான பட்டையைச் சேர்ப்பது அதைவிட மோசம். பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: 10 மில்லிமீட்டருக்குப் பதில் 12 போட்டால் அந்த ஒரு பட்டை 1.7 மடங்கு விறைப்பு. கட்டில் எல்லாப் பட்டைகளும் ஒன்றாகத்தான் வளைய வேண்டும். அதே வளைவுக்கு 12 மில்லிமீட்டர் பட்டையின் தோல் 20 சதவீதம் அதிகமாக இழுபடும். வலுவுக்குச் சேர்த்த பட்டையே முதலில் உடைவது இதனால்தான்.

பழைய கட்டில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. கீழ்ப்பட்டை ஒவ்வொன்றும் மேல்பட்டையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கும். அடுக்கிப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். சென்டர் போல்ட்டை முடுக்கும்போதுதான் அது மூடும். அந்த முடுக்கில் மெயின் பட்டை எதிர்த்திசையில் சற்று வளைந்து, பாரம் வரும்போது கொஞ்சம் தப்பிக்கிறது. எங்கிருந்தோ எடுத்த தட்டைப் பட்டையை நடுவே செருகினால் இந்த ஏற்பாடு கெட்டுவிடும். பச்சையாகச் சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றித் தருவதும் பல பட்டறைகளில் நடக்கிறது. ஒரு பருவத்துக்கு நிற்கும். சுத்தியல் பட்ட தழும்புகளில் அடுத்த பருவத்துக்கு விரிசல் காத்திருக்கும். உடைந்த பட்டையை வெல்டு வைத்து ஒட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம். வெல்டின் சூட்டில் பட்டையின் பதம் போய், ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும்.

இத்தனையையும் மேஸ்திரி இப்படி விளக்கவில்லை. "அண்ணே, கூடப் பட்டை போட்டா காசு எனக்குத்தான். வேணாம்னு சொல்றேன்னா யோசிங்க" என்றார். பெரியவர் யோசித்தார்.

கடைசியில் அதே கனத்தில், அதே வளைவில் ஒரு மெயின் பட்டை மாற்றினார்கள். நீண்டு மரை தேய்ந்த யூ போல்ட்டுகளைக் கழித்துவிட்டுப் புதிது போட்டார்கள்; ஒருமுறை இழுபட்ட யூ போல்ட் மறுபடி இறுக்கம் பிடிக்காது. ஆக்ஸில் மேடையில் அரை அங்குலத்துக்குத் திரண்டிருந்த பழைய பெயின்டையும் துருவையும் மேஸ்திரியின் பையன் உளியால் சுரண்டித் தள்ளினான். பெயின்டின்மேல் உட்கார்ந்த கமான் முதல் லோடிலேயே தளரும்: பெயின்ட் நசுங்கித் தேயும், அந்த அளவுக்கு நட்டில் இடைவெளி விழும். எங்கும் அவசரத்தில் விட்டுப்போகும் வேலை இதுதான் என்பதால் நான் அந்தப் பையனைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடைந்த மெயின் பட்டை எடைக்குப் போனது. அதன் எடை பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். அங்கிருந்து அது உருக்காலைக்குப் போகலாம். ஆனால் நல்ல பட்டையைக் கொல்லர்கள் விட்டுவைப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் அடிக்கும் பேர்பெற்ற அருவாளுக்கு லாரிப் பட்டைதான் மூலப்பொருள். கடலூர்ப் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளில் கரும்பு வெட்டும் கத்தியும் அதிலேயே அடிக்கிறார்கள். கொல்லர் முதலில் துளையைச் சுற்றி நாலு விரற்கடையை வெட்டி ஒதுக்கிவிடுவார், ஏனென்றால் விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாக ஓடியிருக்கும். உலையில் எத்தனை காய்ச்சினாலும் அது ஒட்டாது. மிஞ்சியதைச் செந்தணலாக்கித் துண்டு போட்டு, சம்மட்டியால் அடித்து வாயை மெல்லியதாக்குவார். ஆலை கொடுத்த பதம் உலைச் சூட்டில் போய்விடும். அவர் புதிதாகப் பதம் கொடுக்க வேண்டும். வாய் ஓரத்தை மட்டும் தோய்த்துக் கடினமாக்கி முதுகை அப்படியே விட்டுவிடுவதால் கத்தி கணுவில் மோதினாலும் முறியாது.

லாரியிலும் டிரெய்லரிலுமாக உழைத்த அந்தப் பட்டை இன்னும் பல பருவம் ஓடியிருக்க வேண்டியது. அது செத்தது வயதாலும் இல்லை, பாரத்தாலும் இல்லை, ரோட்டாலும் இல்லை. டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கமான் வேலை பார்த்து முதல் லோடு ஏற்றி நாலைந்து கிலோமீட்டர் போனதும், பாரம் மேலே இருக்கும்போதே வண்டியை ஓரங்கட்டுங்கள். பக்கத்துக்கு இரண்டு யூ போல்ட், மொத்தம் எட்டு நட்டுதான். ஒன்றை முடுக்கி எதிர்மூலையை முடுக்கி, மாற்றி மாற்றி எட்டையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் பிறகு ஆலைக்கு விடுங்கள்.